ஏழு இரவுகளுக்கு முகவரி

...ரயில் ஒரு முகவரி ஆகாதாம். அதை அந்த விசா கவுண்டர் பெண் சொன்ன விதம் இருக்கிறதே, நான் என்னவோ ஏழு ராத்திரியும் மரத்தடியில் படுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி, பச்சைப் பூச்சு பூசிய நகத்தால் படிவத்தின் பதினான்காவது கேள்வியைத் தட்டித் தட்டி, "மேடம், ஒவ்வொரு நைட்டும் எங்க தங்கறீங்கன்னு அட்ரஸ் வேணும், ட்ரெயின்னு போட்டா சிஸ்டம் எடுக்காது" என்கிறாள். எடுக்காது என்றால்? ஏழு இரவு, எட்டுப் பகல், ஒரே ரயில், ஒரே பெட்டி, நடுவில் எங்கும் இறங்கித் தங்கப்போவதில்லை, அதற்காகத்தானே இந்தப் பயணமே, ஒரு தேசத்தின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்குவது, போகப்போகக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது... அந்த ரயிலை ஓட்டுவது அவர்களுடைய அரசாங்கம், டிக்கெட் விற்றதும் அவர்கள்தான், தங்கள் ரயிலில் ஒரு மனுஷி படுத்துத் தூங்குவாள் என்பதைத் தங்கள் படிவமே நம்பாது என்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? "அப்ப அந்த ஏழு நைட்டும் நான் தூங்கலன்னு எழுதட்டுமா?" என்று கேட்டேன், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, "உக்காந்து யோசிச்சு எழுதிட்டு வாங்க மேடம், டோக்கன் அப்படியே இருக்கட்டும்" என்றாள். யோசிப்பதாம். நாலு மாதமாக இதைத் தவிர வேறு எதை யோசித்தேன்? இதற்கென்று ஒரு ஏஜெண்ட் வேறு, எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்மா" என்பார், நானும் இவரும் அவருக்கு வைத்த பெயரே பாத்துக்கலாம், அந்தப் பாத்துக்கலாம் இப்போது போனை எடுக்கவில்லை, எடுத்தாலும் என்ன சொல்லப்போகிறார், பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

இரும்பு நாற்காலி, முதுகில் ஓட்டை ஓட்டையாக, ஒன்றோடொன்று இணைத்துப் போட்டிருப்பதால் மூன்று நாற்காலி தள்ளி ஒருவர் காலை ஆட்டினால் என் படிவம் ஆடுகிறது, இதில் எழுத வேண்டும். பக்கத்தில் இவர். ஒரு கை பாக்கெட்டுக்குள், இன்னொரு கை மடியில், முகத்தில் ஒரு சலனம் கிடையாது, பல்லைப் பிடுங்கக் காத்திருக்கிறவர்களுக்கு நடுவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர் அல்லவா, காத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து இவருக்குக் காத்திருப்பதே பழகிவிட்டது போலிருக்கிறது. "ஏறுறதுக்கு முந்தின நைட்டுக்கு அந்த ஊர் ஹோட்டலப் போடு, இறங்கின நைட்டுக்கு இறங்குற ஊர் ஹோட்டலப் போடு, நடுவுல இருக்கற ஏழுக்கும் அந்த ரயில்வே ஹெட் ஆபீஸ் அட்ரஸப் போடு" என்றார் மெதுவாக. எனக்கு ஏறிய கோபம்... ஏனென்றால் அது சரியான யோசனை. சரியான யோசனையை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் கவுண்டரில் என்னைக் கத்தவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார். "நீங்களே எழுதலாமில்ல?" என்றேன். "உன் எழுத்துதான் அழகு" என்றார். அழகாம். ஆளுக்கு ஆறு பக்கம், இரண்டு பேருக்குப் பன்னிரண்டு பக்கம், இவருடைய அப்பா பிறந்த தேதியிலிருந்து இவர் இதற்கு முன் போன நாடுகள் வரைக்கும் நானே எழுதி, கையெழுத்தை மட்டும் காலையில் உள்ளறையில் உட்கார்ந்து போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், மகாராஜா முத்திரை குத்தித் தருகிற மாதிரி. வாங்கிக் கோப்பில் செருகினேன், சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும், பூட்டைத் தேட வேண்டும், ஒன்பதரைக்குள் இங்கே நிற்க வேண்டும், செருகிவிட்டேன்.

இருபத்தாறு வருஷம். பெண் பிறந்த வருஷம் ஒரு பழைய பத்திரிகையில் அந்த ரயிலின் படம் பார்த்தேன், பனி வெளி, நடுவில் ஒரு சிவப்புக் கோடு மாதிரி ரயில், ஜன்னலோரம் ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. இதில் போக வேண்டும் என்றேன், போகலாமே என்றார். அடுத்த வருஷம் என்றார், கிளினிக்கை மாற்றிய பிறகு என்றார், பாப்பா பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றார், எக்ஸ்ரே மெஷின் வாங்கியாகிவிட்டால் என்றார், பாப்பாவுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டால் என்றார், ஒரு தடவையும் முடியாது என்று சொன்னதில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல், முடியாது என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் சண்டை போட்டு அழுது மறந்து தொலைத்திருப்பேன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், வழக்கமாகச் சாயங்காலம் வருகிறவர், மத்தியானமே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "கிளினிக்கை மூடிட்டேன், போதும், உன் ரயிலுக்கு ஏற்பாடு பண்ணு" என்றார். எனக்காகத்தான் என்று நினைத்தேன். நினைக்காமல்? கூடத்தில் நின்று அப்படியே அழுதேன், ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி, அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எனக்காகக் கடையைச் சாத்திவிட்டார் பாருங்கள் என்று... அதற்குப் பிறகுதான் இந்தப் படிவம், இந்த டோக்கன், இந்த நகப்பூச்சு, போட்டோ எடுக்கப் போன இடத்தில் "பல்லு தெரியக்கூடாது சார், ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்று போட்டோக்காரர் சொல்ல, "என் பிழைப்பே அதுதாங்க" என்று இவர் சொல்ல, மூன்று தடவை எடுத்தும் எனக்குச் சிரிப்பு அடங்காமல், கடைசியில் என் முகம் யார் மேலோ வழக்குப் போட வந்தவள் முகம் மாதிரி விழுந்தது. பரவாயில்லை, இன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுபடியும் எண் வந்தது. முகவரிகளைப் பார்த்தாள், ரயில்வே தலைமை அலுவலகத்தை ஏழு தடவை வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்தாள், தட்டச்சு செய்தாள், அவளுடைய சிஸ்டம் அதை எடுத்துக்கொண்டது. அதாவது நானும் இவரும் ஏழு இரவும் ஓர் அலுவலகக் கட்டடத்தில், கோப்பு அலமாரிகளுக்கு நடுவில் தூங்குவோம் என்றால் நம்புகிறது, ரயிலில் தூங்குவோம் என்றால் நம்பாது. சரி, ஒழியட்டும், முடிந்ததே என்று கோப்பை மூடப்போனேன். அவள் மூடவில்லை. இவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிவத்தின் கடைசிப் பக்கத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள், பக்கத்துக் கவுண்டரில் இருந்த வழுக்கைத் தலைக்காரரிடம் காட்டினாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். "சார், கையெழுத்து மேட்ச் ஆகலையே." அவ்வளவுதான், எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை, கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். "மேட்ச் ஆகலன்னா என்னம்மா அர்த்தம்? நான் யாருன்னு நெனச்சே? முப்பது வருஷமா ஓய்வூதிய ஆபீஸ்ல கையெழுத்து சரிபாக்கறவ நான், ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்து பாக்கறேன், எனக்குச் சொல்லித் தர்றியா நீ? இந்த மனுஷன் கையெழுத்த தூக்கத்துல எழுப்பிக் காட்டினாலும் நான் அடையாளம் சொல்வேன்." இவர் என் முழங்கையைத் தொட்டார், உதறிவிட்டேன். இவருக்கு எப்போதும் அடுத்தவர் முன்னால் மானம் போய்விடும், இந்தச் சாதுவான முகத்தை வைத்துக்கொண்டு ஊரில் நல்ல பெயரெல்லாம் இவர் வாங்கிக்கொள்வார், சண்டைக்காரி பெயர் எனக்கு, பால்காரரிலிருந்து பாப்பாவின் மாமியார் வரை... "குடும்மா இங்க, நானே காட்டறேன்" என்று கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் கையை விட்டுப் படிவத்தையும் பாஸ்போர்ட்டையும் இழுத்தேன்.

காட்டத்தான் இழுத்தேன், ஜெயிக்கத்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அலுவலகத்தில் செய்கிற மாதிரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் எழுத்தின் வளைவிலிருந்து ஆரம்பித்து... என் தொழில் அது, முதல் எழுத்து எங்கே தொடங்குகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது, கடைசிக் கோட்டை இழுத்துவிடுகிறாரா முடித்துவிடுகிறாரா. பாஸ்போர்ட்டில் இருந்தது இவர் கையெழுத்து, கல்யாணப் பதிவேட்டில் போட்ட அதே வீச்சு, கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் புறப்பட்டுப் பேருக்கு அடியில் ஓடும். படிவத்தில் இருந்தது... முதல் எழுத்து பெரிதாக இருந்தது, இரண்டாவது அதைவிடச் சிறிது, மூன்றாவது அதைவிட, போகப் போக எறும்பு மாதிரி ஆகி, வால் இல்லை, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நெளிவு, ஓடுகிற பஸ்ஸில் எழுதினால் வருமே, அது. எனக்கு அது என்ன என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை, உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் காட்ட என் மேஜைக்கு வருகிறவர்களில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன், சிறுத்துக்கொண்டே போகிற எழுத்து, அந்த நெளிவு, பக்கத்து மேஜைக்காரியிடம் "இவருக்கு நடுக்கம் ஆரம்பிச்சுடுச்சு" என்று கண்ணால் சொல்வேன், அவர்களிடம் மட்டும் சத்தமாக, காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி, "இன்னொரு தடவ போடுங்க பெரியவரே, அவசரமே இல்ல" என்பேன். அவசரமே இல்லை என்று சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"சார், இங்க மூணு தடவ போட்டுக் காட்டுங்க, எது ஒத்து வருதோ அத எடுத்துக்கறேன்" என்றாள் நகப்பூச்சு, அவள் குரல் இறங்கியிருந்தது, அவளுக்கும் புரிந்துவிட்டது, இருபத்தைந்து வயசு இருக்குமா, அவளுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது. இவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் ஏதோ மாத்திரையை உருட்டுகிற மாதிரி தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. பேனாவைப் பிடித்ததும் கொஞ்சம் நின்றது. முதலாவது. இரண்டாவது. மூன்றாவது போடும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், மூன்றும் மூன்று பேர் போட்ட மாதிரி இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் வாய்க்குள் ஊசி போட்ட கை. நான் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது, ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, இவர் டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பவிடாததையும், பட்டன் சட்டையை விட்டுவிட்டுப் பனியன் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு திரிவதையும், தாடி வளர்ப்பதையும் பார்த்தேன்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை போட்டேன், ரிட்டயர் ஆனால் இப்படியா சோம்பேறி ஆவார்கள் என்று. சோம்பேறி. அந்த வார்த்தையை எத்தனை தடவை சொன்னேன்? சொல்லும்போதெல்லாம் ஒரு தரமாவது வாயைத் திறந்து, இல்லை இதுதான் விஷயம் என்று சொல்லியிருக்கலாமே, சொல்லாமல் என்னைச் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரே, இது என்ன பெருந்தன்மை, யாருக்கு வேண்டும் இந்தப் பெருந்தன்மை!

வழுக்கைத் தலைக்காரர் எழுந்து வந்து நின்றார், மரியாதையாகத்தான் பேசினார், சார், இப்ப போடற கையெழுத்துக்குத் தகுந்த மாதிரி புது பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தா ஒரு பிரச்சினையும் இல்ல, டாக்டர் லெட்டர் வைங்க, எப்படியும் ரெண்டு மாசம் ஆகும். ரயில் புறப்பட முப்பத்தெட்டு நாள்தான் இருக்கிறது, அந்த ரயிலுக்கு அடுத்த டிக்கெட் வேண்டுமென்றால் பனி முடிந்துதான், அதற்கு எவ்வளவு நாள் என்று எனக்கு மனப்பாடம். அதற்குள் இவர் எப்படி இருப்பார் என்று... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். நகப்பூச்சு என்னுடைய கோப்பை மட்டும் தனியாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், உங்களது எல்லாம் சரியா இருக்கு, இத இன்னைக்கே அனுப்பவா, இல்ல ரெண்டையும் சேத்தே நிறுத்தி வைக்கவா?" என்றாள். "அனுப்புங்க" என்றார் இவர், யோசிக்கவே இல்லை. அவள் இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், "நீங்க சொல்லுங்க மேடம்." நிறுத்தி வை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு வார்த்தை, சண்டைக்கு நூறு வார்த்தை வந்த வாய்தானே. பின்னால் டோக்கனோடு நிற்கிறவர்கள் கனைத்தார்கள், அவள் ஒரு ரசீதை நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தாள், அனுப்பச் சம்மதம் என்றால் இங்கே. போட்டேன். ஒரே இழுப்பில், வளைவு தப்பாமல், வால் நடுங்காமல், அச்சில் வார்த்த மாதிரி விழுந்தது என் கையெழுத்து, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

படி இறங்கும்போது இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் இல்லை, கைப்பிடியிடம் சொல்வது போலச் சொன்னார். "ஒரு டீச்சரம்மா வந்திருந்தாங்க, கடவாய்ப்பல்லு. வாய்க்குள்ள அந்தக் குட்டிக் கண்ணாடிய வச்சிருந்தேன், அது பல்லுல டிக் டிக்னு தட்டிச்சு. அவங்க கண்ணத் தொறந்து என்னப் பாத்தாங்க. அன்னைக்கே போர்டக் கழட்டிட்டேன்." ஆக, அந்த மத்தியானம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாரே, உன் ரயிலுக்கு ஏற்பாடு பண்ணு என்றாரே, அந்த மத்தியானம். நான் அழுதேனே. ஊரெல்லாம் சொன்னேனே. "தெனம் ஒரு மாத்திரை போடறேனே, வைட்டமின்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். பாப்பாதான் அந்த டாக்டரப் புடிச்சுக் கொடுத்தா." "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன், நின்றுவிட்டேன். "நான்தான் சொல்லாதேன்னேன். போயிட்டு வந்து சொல்லலாம்னு... போற வரைக்கும் நீ சந்தோஷமா இருக்கட்டும்னு." மேலே வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சந்தோஷமாக! யாரைக் கேட்டு என் சந்தோஷத்துக்குக் காவல் இருந்தார்கள் அப்பாவும் மகளும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அவள், "அம்மா, ஸ்வெட்டர் வாங்கிட்டியா, அப்பாவுக்கு நல்லதா வாங்கு" என்று கொஞ்சினாளே, அது ஸ்வெட்டரா, எட்டு மாதம் ஒரு குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் கேட்டுக்கொண்டு பெட்டி கட்டினேன். "என்ன மனுஷன் நீங்க? நான் என்ன மூணாம் மனுஷியா? எனக்குச் சொன்னா நான் செத்தா போயிடுவேன்?" என்று அந்தப் படிக்கட்டிலேயே ஆரம்பித்து, வாசல் காவலாளி எட்டிப்பார்க்கும்வரை, என்னென்ன சொன்னேன், மாமியார் காலத்துச் சண்டையிலிருந்து எல்லாம் வந்தது, இவர் ஒரு படி கீழே நின்று, கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மழை நிற்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி நின்றார். அந்த மாதிரி நிற்காதீர்கள் என்று அதற்கும் ஒரு கத்தல்.

பிறகு தெரு. வெயில், ஹாரன், பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரையின் நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்திருந்தது, அதில் என்னை நிற்க வைத்துவிட்டு இவர் வெயிலில் நின்றார், வழக்கம் போல. கத்திக் கத்தித் தொண்டை காய்ந்து, இனிமேல் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும், எந்த டாக்டர், என்ன சொன்னார், வலிக்கிறதா, தூங்கும்போதும் ஆடுகிறதா, பயமாக இருந்ததா, அந்த டீச்சர் போன பிறகு கிளினிக்கில் தனியாக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்... எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது, இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வாயைத் திறந்தேன். "அந்த டிக்கெட்ட ஒரே ஆளுக்கு மாத்தித் தருவாங்களா?" என்று என் குரல் கேட்டது. என் குரல்தான். சண்டைக் குரல்கூட இல்லை, காய்கறிக் கடையில் விலை கேட்கிற குரல். சொன்ன வார்த்தையைப் பிடித்து உள்ளே இழுக்க முடியாதா என்று நான் நிற்க, இவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வர வேண்டும் என்று பார்த்தேன், ஒரு தடவை, இந்த ஒரு தடவையாவது வரட்டுமே, நான் பதிலுக்குக் கத்தலாமே. வரவில்லை. "தருவாங்க" என்றார், "போன வாரமே கேட்டு வச்சுட்டேன்." போன வாரம்... போன வாரம் கையெழுத்தே போடவில்லை, நகப்பூச்சுக்காரியைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை, அப்போதே எதைத் தெரிந்துகொண்டு கேட்டு வைத்தார், தன் கை நிற்காது என்பதையா, அல்லது கை விஷயம் தெரிந்த பிறகு என் வாயிலிருந்து முதலில் இதுதான் வரும் என்பதையா? இரண்டில் எதற்காக நான் இவர் மேல் இப்படி எரிகிறேன்? கேட்கலாம் என்று திரும்பினேன், பஸ் வந்துவிட்டது, "நீ ஏறு" என்றார், ஏறினேன்.